மரச்செக்கு எண்ணெய்க்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் 'ஆர்கானிக்' பலகையும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஏரிக்கரைத் தோட்டம் | வந்தவாசி பக்கம் | 4 செப்டம்பர் 2022

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நாலரை ஏக்கர். மேட்டு நிலத்தில் மல்லாட்டை (நிலக்கடலை), வரப்போரம் துவரை. கிணற்றுப் பாய்ச்சலில் தூயமல்லி, கருப்பு கவுனி என்று பாரம்பரிய நெல். மாசிப் பட்டத்தில் எள். யூரியாவை நிறுத்தி ஏழு வருடம் ஆகிறது. ஆட்டெரு, ஜீவாமிர்தம், மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல், இவைதான். முன்பெல்லாம் மல்லாட்டையை மூட்டையாகக் கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) போட்டுவிட்டு வந்துவிடுவோம். இப்போது களத்தில் காயவைத்து, தோல் உடைத்து, பக்கத்து ஊர் மரச்செக்கில் கூலிக்கு ஆட்டி, எண்ணெயாக விற்கிறோம். வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னைக்காரர்கள். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு, அப்புறம் மாதம் ஒரு ஞாயிறு நடக்கிற இயற்கைச் சந்தை.

போன மாதச் சந்தைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்லிவிட வேண்டும். அரிசியையும் எள்ளையும் எட்டிப் பார்த்துவிட்டு நேராக எண்ணெய் கேனுக்கு வந்துவிட்டார். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் எங்கே, ஏன் லூஸில் ஊற்றுகிறீர்கள், பலகையில் 'ஆர்கானிக்' என்று எழுதியிருக்கிறதே, யார் சான்று கொடுத்தது? மூன்றுக்கும் என்னிடம் இருந்த பதில் ஒன்றுதான்: "சார், இது எங்கள் நிலத்தில் விளைந்தது." அவர் தலையாட்டிக்கொண்டே எண்ணெயில் சாம்பிள் எடுத்தார். நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைத்து, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எடுத்த எண்ணெய்க்கு விலையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்து வரிசையில் நின்ற ஒரு அம்மா, கையில் எவர்சில்வர் தூக்கோடு, "பிளாஸ்டிக் வேண்டாம் என்றுதானே இங்கே வருகிறோம், அதுவும் தப்பா?" என்று என்னைக் கேட்டார். நான் அலுவலரைப் பார்த்தேன். அவர் தூக்கைப் பார்த்தார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சென்னையில் ஒரு இயற்கை அங்காடி எங்கள் எண்ணெயையும் அரிசியையும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. ஆனால் பதிவு எண், ஆர்கானிக் சான்று, லேப் ரிப்போர்ட் மூன்றும் வேண்டுமாம். லேப் ரிப்போர்ட் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் மேற்கு வரப்புதான். பக்கத்து நிலத்து அண்ணன் நல்ல மனிதர், ஆனால் அவர் மருந்தடித்துத்தான் பயிர் செய்கிறார். ஆடிக் காற்றில் அவர் ஸ்பிரேயரைத் தூக்கினால் வாசனை எங்கள் களம் வரைக்கும் வரும். அவர் அடித்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெயில் கலப்படம் நடக்கிற நாடு இது, யாராவது பார்க்கத்தான் வேண்டும். எனக்கு இடிக்கிற இடம் வேறு. யூரியா போட்டு மூட்டையாக விற்றவரை என்னை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. மருந்தை விட்டு, எண்ணெயாக்கி, இன்னார் விளைவித்தது என்று பெயர் சொல்லி விற்க வந்த பிறகுதான் அத்தனை கேள்வியும். இந்தச் சட்டம் என்னை விவசாயியாகப் பார்க்கிறதா, கம்பெனியாகப் பார்க்கிறதா? பதிவு, சான்று, சோதனை, இதில் எது கட்டாயம், எது கடைக்காரர் விருப்பம் என்று பிரித்துச் சொல்ல முடிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 4 செப்டம்பர் 2022

வணக்கம்ங்க. ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். இந்தக் காகிதங்களோடுதான் பிழைப்பு, அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 18(3) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. விவசாயி, மீனவர், அவர்களுடைய பயிர், கால்நடை, பண்ணை அளவில் அவர்கள் விளைவித்த பொருள், இவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அதாவது உங்கள் மல்லாட்டை உங்கள் கையில் மல்லாட்டையாக இருக்கும்வரை நீங்கள் விவசாயி. அதே மல்லாட்டை வியாபாரி கைக்குப் போனால் அது சட்டத்துக்குள் வந்துவிடும். உங்கள் கையிலேயே எண்ணெயாக மாறினாலும் வந்துவிடும். கோடு விழுகிற இடம் செக்குதான். உங்கள் அலுவலர் எள்ளை விட்டது சரி. அரிசியை விட்டது அவர் பெருந்தன்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெல் வேறு, அரைத்து வந்த அரிசி வேறு. அரிசியையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள்.

பதிவுக்கு வருவோம். இந்த 2022 நிலவரப்படி ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை இருந்தால் நீங்கள் சிறு உற்பத்தியாளர். லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரைக்கும் சேர்த்துக் கட்டலாம். விண்ணப்பம் எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் 'ஃபார்ம் ஏ'. புகைப்படம், அடையாள அட்டை, இட விவரம், அவ்வளவுதான். இ-சேவை மையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விண்ணப்பித்து 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும். 30 நாளாகியும் எந்த முடிவும் வரவில்லை என்றால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. எண் 14 இலக்கம், பதிவு என்றால் 2-ல் ஆரம்பிக்கும். செக்கு வைத்திருப்பவரும் தனியாகப் பதிவு எடுத்திருக்க வேண்டும், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

'லைசென்ஸ் இல்லாவிட்டால் பெரிய தண்டனை' என்று யாராவது பயமுறுத்தினால், அது 63-ம் பிரிவு. உங்களைப் போல லைசென்ஸிலிருந்து விலக்கு பெற்ற சிறு உற்பத்தியாளர்களை அந்தப் பிரிவே வெளியே வைத்திருக்கிறது. அதற்காகப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம்.

தூக்கு விஷயம் எனக்கும் சங்கடம்தான். 2011-ம் ஆண்டு விற்பனைத் தடை ஒழுங்குமுறைகளின்படி சமையல் எண்ணெயை அடைத்து, லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும். லூஸில் ஊற்றக் கூடாது. பொதுநலன் கருதி மாநில அரசு விலக்கு தரலாம் என்று ஒரு வாசல் மட்டும் உண்டு. பழைய தகர டின், பிளாஸ்டிக் கேன் இவற்றில் திரும்பவும் எண்ணெய் அடைக்கவும் தடை. அந்தப் பட்டியலில் கண்ணாடி இல்லை. கண்ணாடி பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, காலி பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவிக் காயவைத்தால் அந்த அம்மாவுக்கும் சமாதானம். வாடிக்கையாளரே தன் கடலையைக் கொண்டுவந்து செக்கில் கொடுத்து ஆட்டிக்கொண்டு போனால் அது எண்ணெய் விற்பனையே இல்லை, கூலி வேலை.

சாம்பிள் நான்கு பாகமாகப் பிரித்தது முறைதான். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை நீங்கள் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், செலவு உங்களுடையது. அறிக்கை 14 நாளில் வர வேண்டும். பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். கடலை எண்ணெயில் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கலப்படத்தைத்தான்: 40 டிகிரியில் பியூட்டிரோ அளவு (எண்ணெயில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பது) 54.0 முதல் 57.1, அயோடின் எண் (கொழுப்பு எந்த வகை என்று காட்டுவது) 85 முதல் 99, பெல்லியர் வெப்பநிலை (குளிரவைக்கும்போது கலங்கத் தொடங்கும் இடம்) 39 முதல் 41. கடலையை மட்டும் ஆட்டியிருந்தால் இவை தானாக வந்து நிற்கும். உங்களுக்கு முன்னால் அதே செக்கில் எள்ளோ தேங்காயோ ஓடியிருந்தால்தான் கொஞ்சம் நகரும். முதல் ஈடு (ஒரு முறை செக்கில் போட்டு ஆட்டுவது) எண்ணெயைத் தனியாக எடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வது அதனால்தான். அப்புறம் எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் அமில எண். 6-ஐத் தாண்டக் கூடாது. அது கொட்டை எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு நாள் கிடந்தது என்பதைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

---

கரிசக்காட்டான் | கோவில்பட்டி | 5 செப்டம்பர் 2022

கணக்குப்பிள்ளை சொன்னதெல்லாம் சரிதான், காகிதத்தில். தங்கச்சி, நான் செக்கு ஓட்டுகிறவன், என் கதையையும் கேளுங்கள்.

12 லட்சம் என்றால் பெரிய தொகை மாதிரி இருக்கும். அது லாபம் இல்லை, விற்றுமுதல். மரச்செக்குக் கடலை எண்ணெய் லிட்டர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 லட்சத்துக்கு 4,000 லிட்டர். ஒரு நாளைக்குப் பதினொரு லிட்டர். பதினொரு லிட்டர் விற்கிறவன் சிறு உற்பத்தியாளன், பன்னிரண்டாவது லிட்டரை ஊற்றியதும் அவன் வேறு ஜாதி. கொட்டை விலை, கூலி, கரண்டு எல்லாம் போக அந்த 12 லட்சத்தில் வீட்டுக்கு வருவது எவ்வளவு என்று செக்கு ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தாண்டினால் மாநில லைசென்ஸ். சிறு உற்பத்திக்கு 2022-ல் ஆண்டுக்கு 3,000 ரூபாய், அது ஒன்றும் பெரிதில்லை. பின்னால் வருவதுதான் கொடுமை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கீகாரம் பெற்ற லேபில் சோதனை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. வருடம் முடிந்ததும் மே 31-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய். நான் தூத்துக்குடி துறைமுகத்தில் டேங்கர் டேங்கராக பாமாயில் இறக்குகிறவன் இல்லை. அவனுக்கு ஒரு சோதனையின் செலவு லட்சம் லிட்டரில் கரைந்துவிடும். எனக்கு அது நானூறு பாட்டிலின் தலையில் விழுகிறது. சட்டத்தில் எங்கேயும் 'சின்னவனை ஒழி' என்று எழுதியிருக்காது. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, கணக்கே அதைச் செய்துவிடுகிறது.

எங்கள் பக்கம் ஒரு அலுவலகத்தில் என்னிடம் கேட்ட ஆவணங்களில் பாதி விதியிலேயே கிடையாது. பின்னால்தான் தெரிந்தது. ஊர் பேர் சொல்ல விரும்பவில்லை. பதிவோடு இருக்க முடிந்தவரை இருங்கள் தங்கச்சி, அந்த அங்காடிக்காக அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள்.

---

வெண்ணாற்றங்கரை | திருவாரூர் | 6 செப்டம்பர் 2022

அண்ணாச்சி, செலவு விஷயத்தில் உங்களோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். ஆனால் 'சோதனையே பெரிய கம்பெனிக்காக' என்ற தொனி வந்தால் அங்கே நான் நின்றுகொள்கிறேன். மருந்தடிக்கவில்லை என்பதற்காகப் பூஞ்சை நம்மை விட்டுவைக்காது. மல்லாட்டையைப் பிடுங்கிய நேரத்தில் மழை பிடித்து, அரைகுறையாகக் காய்ந்து, மூட்டைக்குள் போனால் அஃப்ளடாக்சின் வரும். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் காட்டாது, கல்லீரலைத் தாக்கும். சுத்திகரிப்பு ஆலையில் காரம் போட்டு வெளுக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நம் செக்கில் அப்படி ஒரு படியே கிடையாது, கொட்டையில் இருப்பதில் ஒரு பங்கு எண்ணெய்க்கும் வரும். அதனால் அக்கா, பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, உடைந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுத்த பிறகே ஆட்டக் கொடுங்கள். பொறுக்கியதை மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் இறங்கும்.

சரி, ஆர்கானிக் பலகைக்கு வருகிறேன். எங்கள் குழு இதில்தான் ரொம்ப நாள் அல்லாடியது.

2017-ல் இயற்கை உணவுகளுக்கென்று தனி ஒழுங்குமுறை வந்தது, 2018 ஜூலை முதல் அமல். 'ஆர்கானிக்' என்று சொல்லி விற்க வேண்டுமானால் என்பிஓபி (சான்றளிப்பு நிறுவனம் ஆய்வு செய்து தருவது) அல்லது பிஜிஎஸ்-இந்தியா (விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சோதித்துத் தருவது), இரண்டில் ஒன்றின் சான்று வேண்டும். பாக்கெட்டில் அரசின் ஆர்கானிக் முத்திரை வேண்டும். ஆனால் 12 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விவசாயி, தான் விளைவித்ததைச் சாப்பிடுகிறவருக்கே நேராக விற்றால் இந்தச் சான்று கட்டாயமில்லை. முத்திரையைப் போடக் கூடாது, அவ்வளவுதான். உங்கள் சந்தையும் வாட்ஸ்அப் குழுவும் இந்த விலக்குக்குள் வரும். அங்காடிக்குக் கொடுத்த நிமிடம் நடுவில் ஒரு ஆள் வந்துவிட்டார், விலக்கும் போய்விட்டது. ஆக அந்த அங்காடிக்காரர் சான்று கேட்பது அவர் விருப்பம் இல்லை, அவருக்கும் சட்டம்தான்.

என்பிஓபி என்றால் கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே கொடுக்கிறது. ஏற்றுமதிக்கும் செல்லும். குழுவாகப் போவதென்றால் குறைந்தது 25 பேர் வேண்டும், குழுவே தன்னைச் சோதித்துக்கொள்ளும் உள் கட்டுப்பாட்டு முறை, அதற்கு ஒரு ஆள் என்று நீளும். உள்நாட்டு விற்பனைக்கு பிஜிஎஸ் போதும். அருகருகே இருக்கும் ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. உங்கள் நிலத்தை நாங்கள் வந்து பார்ப்போம், எங்கள் நிலத்தை நீங்கள். உறுதிமொழி, கூட்டக் குறிப்பு, இடுபொருள் பதிவேடு எல்லாம் மண்டலக் கவுன்சில் வழியாகப் போகும். மருந்தை விட்டு இயற்கைக்கு மாறும் காலத்தில் பிஜிஎஸ்-கிரீன், முடிந்ததும் பிஜிஎஸ்-ஆர்கானிக். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு ஏக்கரை இயற்கையாகவும் மறு ஏக்கரை மருந்தோடும் வைத்துக்கொள்ள முடியாது, குடும்பத்தின் நிலம் முழுக்க மாற வேண்டும். உங்கள் சொந்த விளைச்சலை ஆட்டிய எண்ணெயையும் பிஜிஎஸ்ஸில் கொண்டுவரலாம். மற்றவர் கடலையோடு கலக்கவில்லை என்று காட்டத் தெரிய வேண்டும்.

மேற்கு வரப்பு அண்ணனைப் பற்றி உங்கள் பயம் நியாயமானது. மற்ற உணவுக்கு ஒரு மருந்து எவ்வளவு வரை எஞ்சலாம் என்று அளவு இருக்கிறதோ, ஆர்கானிக்குக்கு அதில் 5 சதவீதம்தான். அல்லது கருவி கணக்கிடக்கூடிய குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது அதிகமோ அது. கிலோவுக்கு 1 மில்லிகிராம் அவருக்கு அனுமதி என்றால் உங்களுக்கு 0.05. அடித்தவர் தேறிவிடுவார், காற்றில் வாங்கியவர் தவறிவிடுவார். இந்த அநியாயத்துக்கு அந்த விதியில் மருந்து கிடையாது. காப்பு நிலம் விட வேண்டியது நாம்தான். மேற்கு எல்லையில் சில வரிசை அகத்தியோ சவுண்டலோ நெருக்கமாக வையுங்கள். அது வளரும்வரை தீவனச் சோளம். அந்த வரிசைக்குள் விளைந்ததைத் தனியாக எடுத்து, ஆர்கானிக் கணக்கில் சேர்க்காமல் விற்றுவிடுங்கள். அவர் வயல் வடிநீர் உங்கள் பக்கம் இறங்குகிறதா என்றும் பாருங்கள். எங்கள் ஊரில் காற்றை விட வாய்க்கால்தான் அதிகம் படுத்தியது.

---

ராலேவாசி | வட கரோலினா | 7 செப்டம்பர் 2022

நான் விவசாயி இல்லை. இங்கே சனிக்கிழமை உழவர் சந்தையில் தன்னார்வலராக நிற்பேன், அதனால் இந்த வாதம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே மல்லாட்டை, இங்கேயும் கதை மல்லாட்டையில்தான். 2008-09-ல் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனியின் கடலைப் பொருள்களால் சால்மொனெல்லா பரவி 700 பேருக்கு மேல் நோய்ப்பட்டார்கள், 9 பேர் இறந்தார்கள். கிருமி இருப்பது தெரிந்தே அனுப்பியதற்காக அதன் தலைவருக்கு 2015-ல் 28 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்கு முன்பே 2006-ல் பசலைக்கீரையில் ஈ.கோலை. இவை எல்லாம் சேர்ந்து 2011 ஜனவரியில் உணவுப் பாதுகாப்பு நவீனமயச் சட்டம் வந்தது.

சிறு பண்ணைகள் அப்போது பயந்துபோய்க் கத்தினார்கள், பலனும் கிடைத்தது. அப்போதைய மொன்டானா செனட்டர் ஜான் டெஸ்டர், அவரே விவசாயி, கொண்டுவந்த திருத்தத்தின்படி ஆண்டு விற்பனை சராசரியாக 5 லட்சம் டாலருக்குக் கீழே இருந்து, அதில் பாதிக்கு மேல் நேரடியாக நுகர்வோருக்கோ, அதே மாநிலத்தில் அல்லது 275 மைலுக்குள் இருக்கும் கடை, உணவகத்துக்கோ போனால் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு. கவனியுங்கள், பக்கத்துக் கடைக்குக் கொடுத்தாலும் விலக்கு போகாது. திருவாரூர் சகோதரி சொன்ன 'நடுவில் ஒரு ஆள்' பிரச்சினைக்கு இங்கே கண்ட வழி அது. பண்ணையின் பெயரும் முகவரியும் தெரியும்படி வைக்க வேண்டும், அது கட்டாயம்.

இன்னொன்று. 2013-ல் வந்த வரைவு விதியில், பச்சை எரு போட்டு ஒன்பது மாதம் கழித்துத்தான் அறுவடை என்று இருந்தது. இயற்கைப் பண்ணைகளுக்கு அது கழுத்தில் கத்தி. எதிர்ப்புக்குப் பிறகு 2014-ல் அதை எடுத்துவிட்டார்கள். வரைவு வெளியாகும் நேரத்தில் எழுதிப் போட்டால் சில சமயம் கேட்கிறார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐயும் வரைவு அறிவிப்புகளுக்குக் கருத்து கேட்கிறது, நம்மில் எத்தனை பேர் எழுதுகிறோம்?

---

கரிசக்காட்டான் | கோவில்பட்டி | 7 செப்டம்பர் 2022

தம்பி, 5 லட்சம் டாலர் என்றால் 2022 கணக்கில் ஏறக்குறைய நாலு கோடி ரூபாய். எங்களுக்கு 12 லட்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து எனக்கு இன்று ராத்திரி தூக்கம் வராது. வரைவு தமிழில் வரட்டும், நான் பத்துப் பக்கம் எழுதுகிறேன்.

---

ஏரிக்கரைத் தோட்டம் | வந்தவாசி பக்கம் | 9 அக்டோபர் 2022

எல்லோருக்கும் நன்றி. நவராத்திரி வேலை, களை எடுப்பு என்று இந்தப் பக்கம் வர முடியவில்லை.

பதிவு கிடைத்துவிட்டது, 2-ல் ஆரம்பிக்கும் எண்தான். எண்ணெய், அரிசி இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். இ-சேவையில் கேட்ட தொகையைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து, பையனை வைத்து வீட்டிலேயே விண்ணப்பித்தோம். சாம்பிள் அறிக்கையும் வந்தது, எல்லாம் தர அளவுக்குள் இருக்கிறது. ஆனால் பதிவில்லாமல், லேபிளில்லாமல் விற்றதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதிவு நகலை இணைத்துப் பதில் அனுப்பியாயிற்று, பார்ப்போம். சந்தையில் கண்ணாடி பாட்டிலுக்கு மாறிவிட்டோம். பாட்டிலுக்கு முன்பணம் வாங்குவதில் இரண்டு பேருக்குக் கோபம், தூக்கு அம்மாவுக்கு இல்லை.

பிஜிஎஸ்தான் நிற்கிறது. எங்களோடு சேர்த்து நாலு வீடு தயார். ஐந்தாவதாக நான் போய்க் கேட்டது மேற்கு வரப்பு அண்ணனைத்தான், சிரிக்காதீர்கள். அவர் சேர்ந்தால் காற்றுப் பிரச்சினையும் தீர்ந்தது. "நிலம் மொத்தமும் மாற வேண்டுமா, பெண் கல்யாணத்துக்கு நீயா பணம் தருவாய்?" என்றார். முதல் இரண்டு வருடம் விளைச்சல் விழும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இரண்டு வருடத்துக்கு உதவி என்று எந்தச் சட்டத்திலும் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. வேறு ஆள் தேடுகிறோம், மேற்கு எல்லைக்குச் சவுண்டல் நாற்று தேடுகிற வேலையும் நடக்கிறது. சேத்துப்பட்டு, தெள்ளார் பக்கம் யாராவது மருந்தில்லாமல் செய்கிறவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள்.

அங்காடிக்கு இப்போதைக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சொன்ன பதினொரு லிட்டர் கணக்கைப் போட்டுப் பார்த்ததில், நேரடி விற்பனையிலேயே நாங்கள் இன்னும் இரண்டு மடங்கு போகலாம் என்று தெரிந்தது. அது போதும்.

இரண்டு சந்தேகம். எள்ளுக்குக் கருப்பட்டி போட்டுத்தான் ஆட்டுகிறோம், எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான். லேபிளில் அதை எழுத வேண்டுமா? எந்த ஈட்டில் வந்தது என்று காட்ட லாட் எண் என்று ஒன்று கேட்கிறார்களே, மாதம் இரண்டு ஈடு ஆட்டுகிற எனக்கு அதை எப்படிப் போடுவது?

---

கணக்குப்பிள்ளை | ஈரோடு | 10 அக்டோபர் 2022

பதிவுக்கு வாழ்த்துங்க. அந்தக் கடிதத்துக்கு அனுப்பிய பதிலின் நகலும் தபால் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். அறிக்கை சரியாக வந்திருப்பது உங்கள் கையைப் பலப்படுத்தும். அபராதம் தீர்மானிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். கிடைத்த ஆதாயம் எவ்வளவு, யாருக்கு என்ன பாதிப்பு, திரும்பத் திரும்ப நடந்ததா என்பதைப் பார்த்துத்தான் தொகை போட வேண்டும் என்று 49-ம் பிரிவு சொல்கிறது. சிறு உற்பத்தியாளருக்கு 69-ம் பிரிவின்படி சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ளவும் வழி உண்டு, கூப்பிட்டால் அதைக் கேளுங்கள்.

கருப்பட்டி எண்ணெயில் கரையாதுங்க, புண்ணாக்கோடு போய்விடும். ஆனாலும் நான் சொன்னேன் என்று விட்டுவிடாதீர்கள். நியமன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். எங்கள் பக்கச் செக்குக்காரர்களுக்கும் அது உதவும், வந்ததும் இங்கே சொல்லுங்கள்.

லாட் எண்ணுக்கு ஆட்டிய தேதியையே போடுங்கள். கடலைக்கு 'க', எள்ளுக்கு 'எ' என்று முன்னால் ஓர் எழுத்து. ஒரு நோட்டில் எந்தக் காட்டுக் காய், எந்த நாள் பிடுங்கியது, எத்தனை நாள் காய்ந்தது, எத்தனை பாட்டில் வந்தது, யார் யாருக்குப் போனது என்று எழுதி வாருங்கள். நாளைக்கு பிஜிஎஸ்காரர்கள் வந்தாலும் அதே நோட்டுதான் கேட்பார்கள். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு சின்ன பாட்டிலைப் பிரிக்காமல் இருட்டில் எடுத்து வையுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் லேபிளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், எழுத்து அளவு, சைவக் குறி, எம்ஆர்பி எல்லாம் பார்த்துச் சொல்கிறேன்.